எங்கள் பாக்கியை யார் வசூலிப்பது?

எனக்கு வர வேண்டியது 43,000 ரூபாய். மூன்று மாதச் சம்பளம், கைக்கு வருகிற கணக்கில். இன்சென்டிவை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால், "அது நிர்வாகத்தின் விருப்பம்" என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் உள்ள ஒரு வரியைக் காட்டி, சம்பளத்தையும் சேர்த்து இழுத்தடிப்பார்கள் என்று எனக்காக வழக்கைப் பார்க்கும் வக்கீல் அம்மா சொல்லிவிட்டார். இது ஒரு தொகையா, இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும். வந்தவாசிப் பக்கத்து எங்கள் வீட்டில் அது தம்பியின் பாலிடெக்னிக் ஃபீஸ். அம்மாவின் காதிலிருந்து அடகுக் கடைக்குப் போன கம்மல். ஹாஸ்டல்கார அம்மா முகத்தைப் பார்க்காமல் நான் படியிறங்கிய காலைகள். யாரிடமும் கடன் கேட்கவில்லை, உதவி கேட்கவில்லை. தொண்டை கட்டக் கட்டப் பேசிச் சம்பாதித்த பணம்.

நான் பார்த்த வேலை என்ன தெரியுமா? பாக்கி வசூல்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பழைய கட்டடம். கீழே லேத் பட்டறை, மாடியில் எங்கள் கால் சென்டர். போன் வாங்கியவர், பைக் வாங்கியவர், வாஷிங் மெஷின் வாங்கியவர், அதில் தவணை தவறியவர் எல்லாரும் தானாக நம்பர் போடும் எங்கள் டயலரில் வந்து விழுவார்கள். கடன் கொடுத்த நிறுவனம் மும்பையில். அது வசூல் வேலையை ஓர் ஏஜென்சிக்குக் கொடுத்தது. ஏஜென்சி அதில் ஒரு பங்கை எங்கள் முதலாளிக்குத் தள்ளிவிட்டது. இடையில் எத்தனை கை மாறியதோ, ஒவ்வொரு கையும் தனக்கானதை எடுத்துக்கொண்டது. ஹெட்செட் மாட்டியிருந்த எங்களுக்குத்தான் ஒன்றும் வந்து சேரவில்லை.

வேலைக்குச் சேர்ந்ததும் சொல்லிக்கொடுத்தார்கள்: "தேதி, நேரம், தொகை. மூணும் வாங்காம போனை வைக்காதீங்க." எதிர்முனையில் ஒருவர் "பாக்குறேம்மா" என்றால் அதை ஏற்கக் கூடாது. "எப்போ சார், காலையிலயா சாயங்காலமா?" என்று கேட்க வேண்டும். சாயங்காலம் என்றால் "நாலு மணிக்கா, அஞ்சு மணிக்கா?" அஞ்சு மணி என்றால் "ஜிபேவா, கடையில கட்டுவீங்களா?" இவ்வளவும் வாங்கிய பிறகுதான் கணினியில் பி.டி.பி. என்று குறிக்கலாம். பணம் கட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று பொருள். அஞ்சு மணிக்குக் கட்டவில்லையென்றால் அஞ்சு பத்துக்கு மறுபடி டயலர் அவரைத் தேடும். வாக்கு முறிந்தது என்று அவர் பெயரில் சிவப்புக் குறி விழும்.

நாளுக்கு நாள் குரலும் மாற வேண்டும். தவறிய முதல் 30 நாள் ஒரு பக்கெட், 60 வரை இன்னொன்று, 90 வரை மூன்றாவது. முதல் பக்கெட்டில் "சார் மறந்துட்டீங்களா?" என்று தேன் தடவிப் பேச வேண்டும். மூன்றாவதில் தேன் கிடையாது. 90 நாள் தாண்டினால் ரிசர்வ் வங்கி விதிப்படி அது வாராக்கடன். அதன்பின் அந்த மனிதர் எந்த வங்கிக்குப் போனாலும் அவருக்கு முன்னால் அவருடைய சிபில் மதிப்பெண் போய் நிற்கும்.

எங்கள் சம்பளம் 90 நாளைத் தாண்டியது. அதற்கு எந்தப் பக்கெட்டும் இல்லை. எங்கள் முதலாளியின் பெயரில் எந்தச் சிவப்புக் குறியும் விழவில்லை.

முதலில் 7-ம் தேதி வந்துகொண்டிருந்த சம்பளம் 12 ஆனது, 20 ஆனது. பிறகு பாதி வந்தது. பிறகு நின்றது. எச்.ஆர். மேடத்திடம் போனால், "கிளையன்ட் பேமென்ட் ஹோல்டுல இருக்கு, கூடிய சீக்கிரம் வந்துடும்." எப்போது மேடம்? "சீக்கிரம்." எந்தத் தேதி மேடம்? "என்னம்மா, கஸ்டமர்கிட்ட பேசுற மாதிரி என்கிட்ட பேசுற?" அப்படித்தானே பேசச் சொல்லிக்கொடுத்தீர்கள்! ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு நிமிஷக் கணக்கில் வாக்கு வாங்கச் சொன்னவர்கள், எங்கள் மூன்று மாத உழைப்புக்கு ஒரு தேதியைச் சொல்ல மாட்டேன் என்றார்கள். டீம் லீடர் அண்ணன் மட்டும் பாவம், "இருங்கப்பா, மேல பேசிட்டு இருக்கேன்" என்று தினமும் சொன்னார். அவருக்கும் வரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

சம்பளம் தராத இடத்தில் மூன்று மாதம் ஏன் உட்கார்ந்திருந்தாய் என்று சித்தப்பா முதல் போலீஸ்காரர் வரை எல்லாரும் கேட்டுவிட்டார்கள். கேட்பது சுலபம். வேலையை விட்டால் 45 நாள் நோட்டீஸ் பார்க்க வேண்டும். பார்க்காமல் நின்றால் 'அப்ஸ்காண்ட்' என்று போடுவார்கள், ரிலீவிங் லெட்டர் கிடையாது, பழைய பாக்கியும் கிடையாது. என் பிளஸ் டூ மார்க் ஷீட்டும் டிகிரி சர்டிபிகேட்டும் அவர்களுடைய பீரோவில். 'வெரிபிகேஷன்' என்று வாங்கி வைத்தது, திரும்பித் தரவேயில்லை. ஒரு மாதம் வரவில்லை என்றால் அந்த ஒரு மாதத்துக்காக அடுத்த மாதமும் போவோம். அடுத்ததும் வரவில்லை என்றால் இரண்டுக்காக மூன்றாவது மாதமும் போவோம். வர வேண்டிய பணமே எங்களைக் கட்டிப்போடும் கயிறானது. சம்பளத்தை நிறுத்தினால் ஆள் ஓடிவிடுவான் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். நிறுத்தினால்தான் ஆள் போக மாட்டான் என்பது முதலாளிக்குத் தெரியும்.

வெட்டிய பணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லாகின் மூன்று நிமிஷம் தாமதம், அரை நாள் சம்பளம் போச்சு. பாத்ரூம் போய் வர பிரேக் நேரம் கூடிவிட்டது, போச்சு. க்யூ.ஏ. உங்கள் அழைப்பைக் கேட்டு 'கஸ்டமர் பேரை ரெண்டு தடவை சொல்லல' என்று 'ஃபேட்டல்' போட்டால் அந்த வார இன்சென்டிவ் முழுசும் போச்சு. வக்கீல் அம்மா சொல்லித்தான் தெரிந்தது: 1936-லேயே, வெள்ளைக்காரன் காலத்திலேயே, சம்பளப் பட்டுவாடாச் சட்டம் இதற்கெல்லாம் வேலி போட்டிருக்கிறது. ஒரு மாத அபராதம் அந்த மாதச் சம்பளத்தில் நூற்றுக்கு மூன்றைத் தாண்டக் கூடாது. எந்தத் தவறுக்கு அபராதம் என்று முன்கூட்டியே அறிவிப்பு ஒட்ட வேண்டும். தொழிலாளியிடம் விளக்கம் கேட்காமல் போடக் கூடாது. பிடித்த அபராதத் தொகையைத் தொழிலாளர்களின் நன்மைக்குத்தான் செலவிட வேண்டும். எங்கள் ஃப்ளோர் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பு ஒன்றே ஒன்று: அந்த வாரம் அதிகம் வசூலித்தவரின் போட்டோ.

திருப்பூர் நம்பர் ஒன்று எனக்கு அடிக்கடி வரும். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். போன் தவணை பாக்கி. "மூணு வாரமா கூலி போடல கண்ணு, போட்டதும் மொதல்ல உங்களுக்குத்தான்" என்பார். ஸ்க்ரிப்டில் அதற்குப் பதில் தயாராக இருந்தது: "அது உங்க பர்சனல் சார், நாங்க டியூ டேட் மட்டும்தான் பார்ப்போம்." அதைப் படிக்க வேண்டும். படிக்காவிட்டால் க்யூ.ஏ. மதிப்பெண் போகும். கூலி வராத நான், கூலி வராத அவரிடம், அதைப் படித்துக்கொண்டிருந்தேன். இருவருக்கும் பாக்கி வைத்தவன் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. போன் போவது எப்போதும் எங்களைப் போன்றவர்களுக்கு, போடுவதும் எங்களைப் போன்றவர்கள்.

ஒரு திங்கட்கிழமை போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை குட்டி யானை வண்டியில் கம்ப்யூட்டர் எல்லாம் ஏறிப் போனதாக ஒடிசாக்கார வாட்ச்மேன் கையைக் காட்டிச் சொன்னார். வாட்ஸ்அப் குரூப்பில் அட்மின் மட்டும்தான் எழுத முடியும் என்று மாற்றியிருந்தார்கள். மதியத்துக்குள் அட்மினும் வெளியேறிவிட்டார். நாங்கள் படியில் உட்கார்ந்திருந்தோம். கீழே லேத் பட்டறைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். அவருக்கு நாங்கள் யாருமே இல்லை.

அன்றைக்கு அழுதவர்களில் எனக்கு மறக்காதது ஹவுஸ்கீப்பிங் அக்கா. கொரட்டூரிலிருந்து வருவார். எங்களுக்காவது ஐ.டி. கார்டு இருந்தது, பேங்க் கணக்கில் பழைய சம்பளம் வந்த வரிகள் இருந்தன. அவருக்குக் கையில் காசு கொடுப்பது ஒரு கான்ட்ராக்டர். அந்த ஆள் யாரென்று கேட்டால் "செல்வம்னு சொல்வாங்க, பைக்ல வருவாரு" என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் வேலை வாங்கிய மூல முதலாளியே தர வேண்டும் என்று 1970-ம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அக்காவிடம் அதைச் சொன்னேன். "அந்த மொதலாளி எங்கம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது.

அந்த மாதம் என் போன் தவணை பவுன்ஸ் ஆனது. 590 ரூபாய் பவுன்ஸ் சார்ஜ். காலை எட்டு மணி அடித்ததும் அழைப்பு. எட்டுக்கு முன்னும் இரவு ஏழுக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதி போட்டதை மட்டும் சரியாகக் கடைப்பிடிக்கிறார்கள். ஒரு பெண், மதுரைப் பேச்சு. "சிஸ்டர், என்ன காரணம் சிஸ்டர்?" சம்பளம் வரலை என்றேன். அவள் அடுத்து எந்த வரியைப் படிக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். படித்தாள். பிறகு மியூட் போட மறந்து, பக்கத்து சீட்காரியிடம் "இவளும் நம்ம லைன்தான் போல" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மாதம் அவளுக்குச் சம்பளம் போட்டார்களோ என்னவோ.

இப்போது சொல்லுங்கள், இந்த நாட்டில் பாக்கி வசூலிக்கத் தெரியாமலா இருக்கிறது? வீட்டுக் கடன் தவறினால் 2002-ம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, கோர்ட்டில் வழக்குப் போடாமலே வீட்டை எடுத்துக்கொள்ளலாம். செக் திரும்பினால் இரண்டு ஆண்டு வரை ஜெயில், செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம். கம்பெனி திவாலானால் பாக்கி வாங்க 2016-ல் ஒரு சட்டம் வந்தது. சம்பள பாக்கிக்காரரும் அதில் மனுப் போடலாம் என்று இருந்தது. ஒரு லட்சம் ரூபாய் பாக்கி இருந்தால் போதும். 2020 மார்ச் 24-ல் அந்த ஒரு லட்சத்தை ஒரு கோடி ஆக்கினார்கள். கோவிட் காலத்தில் கம்பெனிகள் சாகக் கூடாது என்பது காரணம். ஒரு கோடி ரூபாய் சம்பள பாக்கி உள்ள கால் சென்டர் ஊழியர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? எங்கள் ஃப்ளோர் முழுவதையும் கூட்டினாலும் அந்தத் தொகை வராது.

கொடுத்தவனுக்கு இத்தனை கைகள். உழைத்தவனுக்கு? சம்பளம் தாமதமானால் முதலாளி தர வேண்டியிருந்த இழப்பீடு, 1936 சட்டத்தின் 2005 திருத்தப்படி, குறைந்தது 1,500 ரூபாய், அதிகபட்சம் 3,000 ரூபாய். நன்றாகப் படியுங்கள், அதிகபட்சம் 3,000. மூன்று மாதச் சம்பளத்தைத் தராமல் வைத்துக்கொண்டு வட்டிக்கு விட்டு வந்தாலே முதலாளிக்கு அதைவிட லாபம்.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனோம். "இது சிவில் மேட்டர்மா, லேபர் ஆபீஸ் போங்க." ஹெட்செட் ஒன்று காணாமல் போனதற்கு எங்களுடன் வேலை பார்த்த ஒரு பையனை அதே கம்பெனி புகார் கொடுத்து அதே ஸ்டேஷனில் நாள் முழுக்க உட்கார வைத்தது. ஹெட்செட் எடுத்தால் திருட்டு, எங்கள் மூன்று மாதத்தை எடுத்தால் சிவில் மேட்டர். சரி, சம்பளம் சிவில் என்றே வைத்துக்கொள்வோம். பி.எப்.? சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்தார்கள். பே ஸ்லிப்பில் கழித்திருக்கிறது. பாஸ்புக்கைத் திறந்தால் கடைசி ஏழெட்டு மாதத்துக்கு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. தொழிலாளியிடம் பிடித்த பி.எப். பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொண்டால் அது நம்பிக்கை மோசடி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் அப்படித்தான், இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படித்தான். கிரிமினல் குற்றம். அதைச் சொன்னபோது எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டு "பி.எப். ஆபீஸ்ல எழுதிக் குடுங்க" என்றார்.

தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுவை வாங்கிக்கொண்டார்கள். குறை சொல்ல வேண்டாம், உட்கார நாற்காலி கொடுத்தார்கள். "அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்?" கம்பெனி மெயிலில் வந்தது சார், மெயிலை முடக்கிவிட்டார்கள். "பே ஸ்லிப்?" போர்ட்டலில் இருந்தது, போர்ட்டல் திறக்கவில்லை, பழைய ஒன்றிரண்டு ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது. "டெசிக்னேஷன் என்னம்மா?" கஸ்டமர் ரிலேஷன்ஷிப் எக்ஸிகியூட்டிவ். "எக்ஸிகியூட்டிவா? அப்போ நீ தொழிலாளி இல்லையே?" என்று அடுத்த மேசைக்காரர் சிரித்தார். கைக்கு பதினாலாயிரத்துச் சொச்சம் வாங்குகிற எக்ஸிகியூட்டிவ்! 1936 சம்பளச் சட்டம் மாதம் 24,000 ரூபாய் வரை வாங்கும் எல்லாருக்கும் பொருந்தும் என்று 2017-ல் வரம்பை உயர்த்தியிருந்தார்கள். என்ன பெயரில் வேலை வாங்கினான் என்பது அங்கே கேள்வியே இல்லை. மூத்த அதிகாரி ஒருவர் வந்து அதைச் சொல்லி, ஐ.டி. கார்டையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் வைத்து மனுவை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவருக்கு நன்றி.

அங்கிருந்து கம்பெனிக்கு நோட்டீஸ் போனது. 'முகவரியில் இல்லை' என்று திரும்பி வந்தது. மறுபடி போனது, மறுபடி வந்தது. ஒவ்வொரு விசாரணை நாளிலும் எதிர்த்தரப்பு நாற்காலி காலி. ஒவ்வொரு விசாரணைக்கும் இப்போது பார்க்கும் வேலையில் எனக்கு ஒரு நாள் சம்பளம் வெட்டு.

ஆள் ஒன்றும் காணாமல் போகவில்லை. என்னோடு வேலை பார்த்த பெண் கிண்டிப் பக்கம் ஒரு இன்டர்வியூவுக்குப் போனாள். வரவேற்பறையில் புதுப் பெயர்ப் பலகை, பூங்கொத்து, உள்ளே அதே எச்.ஆர். மேடம். "எங்க பழைய சம்பளம் மேடம்?" என்றாளாம். "அது வேற கம்பெனிம்மா, அந்த டைரக்டர்ஸ் வேற." பழைய கம்பெனியில் டைரக்டர் எங்கள் முதலாளி, புதியதில் அவருடைய மச்சான். கம்பெனி வேறு ஆள், அதை நடத்துகிறவர் வேறு ஆள் என்று 1896-ல் லண்டனில் சாலமன் என்ற பூட்ஸ் வியாபாரியின் வழக்கில் பிரபுக்கள் சபை சொன்ன தீர்ப்பு இன்றைக்கும் செல்லுபடியாகிறது என்று வக்கீல் அம்மா விளக்கினார். இருக்கட்டும். என் தம்பிக்கு செகண்ட் ஹேண்ட் பைக் வாங்க லோன் கேட்டபோது அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். தம்பி கட்டாவிட்டால் அப்பாவை விட மாட்டார்கள். ஏழை வீட்டில் தகப்பனும் மகனும் ஒரே ஆள். பணக்காரன் மட்டும் காலையில் ஓர் ஆள், சாயங்காலம் வேறு ஆள்.

அப்பா இன்னும் நம்புகிறார். "கம்பெனிதானே பாப்பா, ஓடியா பூடுவான்? குடுப்பான்." அவர் காலத்தில் நெல் அறுத்தால் களத்திலேயே கூலி அளந்து கொடுத்துவிடுவார்கள். கம்பெனி என்றால் இன்னும் பெரிய மனுஷன் என்று அவருக்கு எண்ணம்.

சங்கம் வைக்கவில்லையா என்று கேட்பவர்களுக்கு: எஸ்டேட்டுக்குப் போக நாங்கள் இறங்கும் பட்டரவாக்கத்துக்கு ரயில் பெரம்பூரைத் தாண்டித்தான் வருகிறது. 1918 ஏப்ரலில் அந்தப் பெரம்பூர்ப் பக்கத்து பக்கிங்ஹாம் கர்னாட்டிக் ஆலைத் தொழிலாளிகளை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, வாடியாவும் திரு.வி.க.வும் அதில் நின்றார்கள். நூறு ஆண்டு கழித்து அதே ரயில் பாதையில் வேலைக்குப் போன எங்களிடம், சங்கம் என்றால் வேலை போகும் என்று டிரெய்னிங்கிலேயே சொல்லிவிட்டார்கள். ஐ.டி. துறைக்குத் தொழில் தகராறு சட்டத்திலிருந்து விலக்கு ஒன்றும் கிடையாது என்று தமிழ்நாடு அரசே 2016-ல் தெளிவுபடுத்தியது எங்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் முதல் மாதமே சேர்ந்து எழுந்திருப்போமா? எழுந்திருப்போம் என்றுதான் நினைக்கிறேன். ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தால் டயலர் ஒரு மணி நேரத்தில் திணறிவிடும். அந்த ஒரு மணி நேரத்துக்கு மும்பையிலிருந்து போன் வந்திருக்கும். எங்கள் கையிலிருந்த ஒரே துருப்பு அது. சம்பளம் வருமென்று நம்பி மூன்று மாதம் அதைப் போடாமலே வைத்திருந்தோம்.

இப்போது புதிய சட்டம் வந்திருக்கிறது. 2019-ல் பார்லிமென்ட்டில் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு, ஆறு ஆண்டு தூங்கி, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. சம்பளம் மாதம் பிறந்து 7 நாளுக்குள். வேலையை விட்டு நீக்கினாலோ, நாமே விட்டாலோ, கம்பெனி மூடினாலோ, இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். சம்பள வரம்பு கிடையாது, எக்ஸிகியூட்டிவ் என்றாலும் பொருந்தும். பாக்கி தந்தாகிவிட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. இழப்பீடு பாக்கியைப் போலப் பத்து மடங்கு வரை. தராவிட்டால் நிலவரி பாக்கியைப் போல கலெக்டர் வசூலிக்கலாம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் இரண்டு நாளில் கணக்கு முடிக்க வேண்டும் என்பது ஒன்றும் புதிதில்லை. வேலையை விட்டு நீக்கியவருக்கு இரண்டாம் வேலை நாள் முடிவதற்குள் சம்பளம் என்று 1936 சட்டமும் சொன்னது. கிட்டத்தட்ட 90 ஆண்டு. அந்த இரண்டு நாளைக் கணக்குப் பார்த்து எந்த முதலாளியின் வாசலிலும் யாரும் போய் நின்றதில்லை. சட்டத்தில் எழுத்துக்குப் பஞ்சமில்லை. எட்டு மணிக்கு அழைப்பு விடும் டயலர் ஒன்றை எங்கள் பக்கம் வைக்கத்தான் ஆளில்லை.

1982-ல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது: குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அது அரசியல் சட்டம் 23-ம் பிரிவு தடை செய்த கட்டாய உழைப்பு. குறைத்துக் கொடுத்ததற்கே அந்தப் பெயர். ஒன்றுமே கொடுக்காமல், சர்டிபிகேட்டைப் பீரோவில் பூட்டிக்கொண்டு, மூன்று மாதம் வேலை வாங்கியதற்கு என்ன பெயர்? ஏ.சி. இருந்தது, கண்ணாடிக் கதவு இருந்தது, வெள்ளிக்கிழமை கலர் டிரஸ் போடச் சொன்னார்கள் என்பதால் அது கொத்தடிமை இல்லை என்று ஆகிவிடுமா?

என்னோடு அந்த மாடியில் வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டீர்கள்; சிலர் நம்பரை மாற்றிவிட்டீர்கள்; "விடு, போனது போகட்டும்" என்கிறீர்கள். அவர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். நம் பாக்கி புதிய சட்டத்துக்கு முந்திய காலத்தது. புதியதில் மனுப் போட மூன்று ஆண்டு அவகாசம் என்று கேள்விப்பட்டு இருந்துவிடாதீர்கள். பழைய சட்டத்தில் 12 மாதம்தான். அதற்குள் கொடுத்துவிடுவது நல்லது. ஆளுக்கொரு மனு வேண்டாம். சம்பளம் வராத எல்லாரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுங்கள். ஐ.டி. கார்டைத் தூக்கி எறிந்திருந்தால் ஷிப்ட் ரோஸ்டர் வந்த வாட்ஸ்அப் மெசேஜை அழிக்காமல் வையுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு. எனக்கு வந்த வக்கீல் அம்மா அப்படி வந்தவர்தான், ஒரு பைசா வாங்கவில்லை. ஹவுஸ்கீப்பிங் அக்காவின் வீடு யாருக்காவது தெரிந்தால் அவரையும் கூட்டி வாருங்கள். அவர் நம்மோடு வேலை பார்த்தார் என்று நாம் சாட்சி சொல்லலாம், அதற்குக் காகிதம் தேவையில்லை.

அடுத்த விசாரணைத் தேதி என்னிடம் இருக்கிறது. போன் செய்யுங்கள், சொல்கிறேன். எட்டு மணிக்கு முன்னாலும் செய்யலாம்.